796 சிசி இன்ஜின் 802 ஆன கதை

பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். தொழில் கணக்கு எழுதுவது. வீட்டிலும் கை சும்மா இருக்காது. அந்த நோட்டுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. 2022இல் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். 2023 தீபாவளி வாக்கில் அது 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆகிவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்பினால் எதிர்வீட்டு மாடியில் காயும் துணி அவசரமாக உள்ளே போகும். புகை நல்ல நீலம்.

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வைத்தது. ஓடியது 1,46,000 கிலோமீட்டர். அந்த வருடம்தான் ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கேட்டேன். ‘ஃபுல் இன்ஜின் வேலை, 35 ஆயிரம்’ என்றார்கள். விற்றாலும் வண்டிக்கு அவ்வளவு கிடைக்காது. இன்னொருவர் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார். இரண்டு யோசனையும் பிடிக்கவில்லை. இன்ஜினை நானே இறக்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். அதுவரை நான் கழற்றிய பெரிய இயந்திரம் மிக்ஸி.

முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது என்று இப்போதும் சொல்வேன். மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, வால்வுகளைத் திறந்து மூட ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதைச் சுற்ற ஒரு ரப்பர் பெல்ட். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். கம்ப்யூட்டர் கிடையாது. 1983 முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்த வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று, பார்க்க வேண்டும் என்று பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் சொன்னார். கேஜும் அவரே கொடுத்தார். இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முதல் சிலிண்டரில் 9.5, இரண்டாவதில் 7, மூன்றாவதில் 9 கிலோ காட்டியது. ஆரோக்கியமான இன்ஜினில் 12, 13 வரும். இரண்டாவது சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி சுற்றினேன். முள் 10.5க்குத் தாவியது. காற்று வால்வு வழியாகக் கசிந்திருந்தால் ஆயில் ஊற்றியும் முள் அசைந்திருக்காது; ஊற்றிய ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றித் தேங்கி ஓட்டையை அடைத்ததால்தான் ஏறியது. ஆக ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. இன்ஜினைத் திறக்காமலேயே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இறக்குவதுதான் பெரிய கேள்வி. எங்கள் வீட்டு முன்வாசல் கூரையில் தாத்தா காலத்து ஊஞ்சல் கொக்கிகள் இரண்டு இருக்கின்றன. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடிய ஊஞ்சல். கியர்பாக்ஸையும் சேர்த்தால்கூட இந்த இன்ஜின் அந்த நான்கு பேரைவிட எடை குறைவுதான். இரண்டு கொக்கிக்கும் குறுக்கே கனமான இரும்புக் குழாயைச் செருகி, நடுவில் வாடகைக்கு எடுத்த, பாரம் தூக்கும் அரை டன் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். பேட்டரி, ரேடியேட்டர், கார்புரேட்டர், சைலன்சர் குழாய் எல்லாம் கழன்ற பிறகு, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுத்துக் கம்பியால் கட்டிவைத்தோம். மவுண்டிங் போல்ட்டைக் கழற்றிச் சங்கிலியை இழுத்ததும் இன்ஜின் மேலே வந்தது. கொக்கி நகராதே, இன்ஜினை எப்படி வெளியே எடுப்பது என்று நான் விழித்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், “அப்பா, இன்ஜின் அங்கேயே தொங்கட்டும். வண்டியைப் பின்னால் தள்ளினால் போதாதா?” என்றாள். தள்ளினோம்.

ஒரு எச்சரிக்கை. அடியில் படுத்து வேலை செய்யும்போது வண்டியைச் செங்கல் மீது நிறுத்தாதீர்கள். செங்கல் முன்னறிவிப்பு கொடுத்து உடைவதில்லை. நான் முதல் நாள் அப்படித்தான் நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டுத் திட்டிய திட்டில் அன்று மாலையே இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கினேன்.

பிரித்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் காகித டேப்பில் எண் ஒட்டி, போனில் படம் எடுத்துக்கொண்டேன். எக்ஸாஸ்ட் ஸ்டட் ஒன்று துருவேறி முறிந்தது. அதை லேத்தில்தான் எடுத்தார்கள். வால்வு, ஸ்பிரிங், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நெல்மணி அளவு லாக் எல்லாம் எந்த சிலிண்டருடையதோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும். அம்மா கைவிட்ட பழைய ஏழு குழி இட்லித் தட்டு இதற்கென்றே வார்த்தது போல இருந்தது. ஆறு குழிக்கு ஆறு வால்வின் சாமான். நடுக்குழி சந்தேகக் கேஸ்களுக்கு.

இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைத் திறந்தபோது ஒரு விஷயம் புரிந்தது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள சல்லடையில் பாதியைச் சாம்பல் நிற ரப்பர் புழுக்கள் அடைத்திருந்தன. எப்போதோ ஒரு பட்டறையில் சம்ப் ஒழுகுகிறது என்று பேக்கிங் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கி ஒட்டியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயிலோடு சுற்றிச் சல்லடையில் வந்து சேர்ந்திருக்கிறது. பாதி மூச்சில்தான் இந்த இன்ஜின் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. பேஸ்ட்டை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். கூடுதலாகப் போடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு அந்தப் புழுக்களை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது அளப்பது. நான் வேலை என்று நினைத்திருந்ததெல்லாம் ஸ்பேனர் பிடிப்பது. உண்மையில் அந்த நான்கு மாதத்தில் அதிக நேரம் பிடித்தது அளப்பதும் கழுவுவதும்தான். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 72. உள்விட்டத்தை அளக்க இரவல் வாங்கிய போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், நெடுக்காகவும் குறுக்காகவும் ஆறு முறை அளந்தேன். முதல் முறை ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. கேஜைச் சாய்த்துப் பிடிக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் முள் ஒரு பக்கம் போய், நின்று, திரும்பும். அது திரும்புகிற இடம்தான் உண்மையான விட்டம். இது கைக்குப் பழக ஒரு வாரம் ஆனது. இரண்டாவது சிலிண்டர் அடியில் 68.53, மேலே 68.62. ரிங் போய்த் திரும்பும் உயரத்துக்குச் சற்று மேலே நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு. தலைமயிர் தடிமனுக்கும் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் 600 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் ஆயில் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

புது ரிங் மட்டும் போட்டால் தப்பலாமா என்று ஆசை இருந்தது. பிளாக்கை ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரியவரின் லேத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கேஜை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலைச் சிலிண்டருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “போர் போட வேண்டும் சார், சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்த வேண்டும். பிஸ்டன் எங்கே?” நான் பிளாக் மட்டும்தான் கொண்டுவந்திருந்தேன். “ஆளில்லாமல் துணி மட்டும் வந்தால் சட்டை எப்படித் தைப்பது?” என்றார். நியாயம்தான். 0.25 ஓவர்சைஸ் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், பிஸ்டனைக் கையில் வைத்து மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் குடைவார்கள். மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, ரிங்கோடு சேர்ந்த பிஸ்டன் செட், ஸ்டாண்டர்டு சைஸ் ஷெல் பேரிங், காஸ்கெட் செட், வால்வு சீல், டைமிங் பெல்ட் எல்லாம் வாங்கினேன். பிஸ்டன் 68.71 இருந்தது, லேத்துப் பெரியவர் சிலிண்டரை 68.75க்குக் குடைந்து, கல்லால் உள்சுவரைத் தேய்த்து ஹோனிங் செய்து கொடுத்தார். இடைவெளி 0.04.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெயர் 800 என்றாலும் இந்த இன்ஜின் பிறந்ததிலிருந்து 796 சிசிதான். கால் மில்லிமீட்டர் அகலப்படுத்தியதில் 802 ஆகிவிட்டது. வண்டி தன் பெயருக்கு நியாயம் செய்ய 26 வருடம் ஆகியிருக்கிறது.

லேத்திலிருந்து வந்த பிளாக் பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதை நம்பி அப்படியே பிஸ்டனைப் போட்டால் வேலை பாழ். ஹோனிங் கல்லின் தூள் சிலிண்டர் சுவரின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். புது ரிங்கை அது உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் தூள் போகாது, கீறலுக்குள் இன்னும் ஆழமாகத்தான் போகும். வெந்நீர், துணி சோப்பு, பிரஷ். கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தேன். துணி சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி கழுவினேன், மறுபடி சாம்பல். ஐந்தாவது முறைதான் துணி வெள்ளையாகவே திரும்பியது. சுவரில் ஹோனிங் விட்ட குறுக்குக் கோடுகள் பாய்ப் பின்னல் போல அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கீறலில்தான் ஆயில் தங்கும். உலர்ந்ததும் உடனே ஆயில் தடவிவிட வேண்டும். சென்னைக் காற்றில் வெறும் இரும்பு கால் மணி நேரத்தில் செம்மை தட்டுகிறது. வெள்ளைத் துணி என்று நான் எடுத்தது அப்பாவின் பொங்கல் வேட்டி என்று அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

ஹெட் வேலை சுமுகமாக முடிந்தது. ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து 0.05 ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தேன்; எங்கும் போகவில்லை, வளைவு இல்லை. வால்வு சீல்கள் ஆறும் ரப்பர் என்பதை மறந்து பிளாஸ்டிக் ஆகியிருந்தன. வால்வு முகத்தில் தேய்க்கும் பேஸ்ட்டைத் தொட்டுவைத்து, வால்வில் உறிஞ்சி ஒட்டும் ரப்பர் முனைக் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைவது போல உருட்ட வேண்டும். முதலில் சொரசொரப்பான பேஸ்ட், பிறகு நைஸ். மகள் மூன்று வால்வு, நான் மூன்று. பிறகு போர்ட்டில் டீசல் ஊற்றி வைத்தோம். பத்து நிமிடம் கழித்து அவளுடையது மூன்றும் உலர்ந்திருந்தன. என்னுடையதில் ஒன்று கசிந்தது.

கோர்க்கத் தொடங்கியபோது மார்ச் ஆகிவிட்டது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் தேய்மானம் 0.01க்குள்தான், கிரைண்டிங் தேவையில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜினில் மெயின் பேரிங் நான்கு இடத்தில் வரும். பேரிங் இடைவெளியை அளக்கப் பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் விற்கிறார்கள். சேமியா போல மெல்லிய நூல். ஷாஃப்டில் பேரிங் பொருந்தும் இடமான ஜர்னல் மேல், எண்ணெய் தடவாமல் ஒரு துண்டை வைத்து, பேரிங்கை மூடும் கேப்பைப் போட்டுச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கி, ஷாஃப்டைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால், நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவுகோலை அந்தப் பட்டையின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும்; பட்டை எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. எனக்கு நான்கிலும் 0.04 பக்கம் வந்தது. இவ்வளவு எளிய கருவி இவ்வளவு நுட்பமாக அளப்பதைப் பார்த்துச் சிறு பிள்ளை போல மூன்று முறை செய்து பார்த்தேன்; நூல் தீர்ந்துவிட்டது.

மெழுகைத் துடைத்து, ஆயில் விட்டு, கேப்களைக் கடைசியாக முடுக்கியபோது கிராங்க் சுற்றவில்லை. அரை மணி நேரம் முன்பு ஒரு விரலால் சுற்றியது இப்போது இரண்டு கையாலும் அசையவில்லை. பேரிங் போச்சு, பணம் போச்சு என்று நெஞ்சு அடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேப்பிலும் ஓர் எண்ணும் ஓர் அம்புக்குறியும் வார்த்திருக்கும். அம்பு கிராங்க் புல்லி இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது கேப்பின் அம்பு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. துடைக்கக் கழற்றியவன் திருப்பி வைத்திருக்கிறேன். பிளாக்கையும் கேப்பையும் ஒன்றாகப் பூட்டித்தான் அந்த வட்டத்தைக் குடைகிறார்கள். திருப்பிப் போட்டால் வட்டம் வட்டமாக இருப்பதில்லை. நேராக்கிப் போட்டதும் ஒரு விரலுக்குச் சுற்றியது. நல்லவேளை, கை பலத்தில் சுற்றிப் பார்த்தேன். முடுக்கிக்கொண்டே போய் ஸ்டார்ட்டரில் சுற்றியிருந்தால் புது பேரிங் உரிந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கேப் போட்டதும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடவில்லை.

ரிங் விஷயத்திலும் டப்பாவை நம்பக் கூடாது. ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகக் கீழே தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும். எட்டு ரிங்கில் 0.20, 0.25 என வந்தது; ஒன்றில் மட்டும் 0.10 தகடே திணறியது. சூட்டில் ரிங் நீளும்போது இரு முனையும் முட்டிக்கொண்டால் உடையும், சுவரையும் கீறும். மெல்லிய அரத்தில் நான்கைந்து இழுப்பு, மறுபடி அளவு, மறுபடி இழுப்பு. எழுத்துப் பொறித்த பக்கம் மேலே. வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் திசைக்கொன்றாக.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மூன்று தவணையாக முடுக்கி, 55 நியூட்டன் மீட்டரைத் தாண்டி 60க்குள் நிறுத்தினேன். டைமிங் பெல்ட்டைக் குறி பார்த்து மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வால்வு இடைவெளி 0.15.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு இன்ஜின் வண்டிக்குள் ஏறியது. இந்த முறை வண்டியை முன்னால் தள்ளினோம். 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றி, பிளக் மாட்டாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பிளக் இல்லாவிட்டால் பேரிங்குக்குப் பாரம் இருக்காது. ஆயில் ஏறியதும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு எண்ணெய்க்கிண்டி விளக்கு அணைய வேண்டும். பத்து விநாடி சுற்றினேன். அணையவில்லை. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி. அணையவில்லை. நான்காவது தடவை பேட்டரி முனகியது. வாசலில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை நினைவு வந்து கிளம்பினார்கள்.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். “பம்ப்பைக் காயக் காயத்தானே மாட்டினாய்?” என்றார். ஆமாம், பளிச்சென்று கழுவி, துடைத்து, உலர்த்தி மாட்டியிருந்தேன். எண்ணெய்ப் படலம் இல்லாத பம்ப் ஆயிலை உறிஞ்சாது, காற்றைத்தான் சுழற்றும். நம் வீட்டு நீரேற்று மோட்டாருக்கு முதலில் தண்ணீர் ஊற்றுவதில்லையா, அதே கதை. மாட்டும்போதே உள்ளே கிரீஸோ வாசலினோ அப்பியிருக்க வேண்டும். மறுபடி பிரிக்காமல் தப்ப வழி சொன்னார்: ஆயில் ஃபில்டரைக் கழற்றி, பம்ப்பிலிருந்து வரும் துளை வழியாக ஆயிலைப் பின்னோக்கிச் செலுத்து. மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, 150 மில்லி வரை மெல்ல மெல்ல ஏற்றினேன். ஃபில்டரையும் ஆயிலால் நிரப்பி மாட்டினேன். பேட்டரியை அண்ணன் வண்டியோடு ஒயர் போட்டு இணைத்துச் சுற்றியபோது, ஆறோ ஏழோ விநாடியில் கிண்டி அணைந்தது.

பிளக் மாட்டி, சாவி திருப்பி, மூன்றாவது முயற்சியில் பிடித்தது. உடனே வாசல் முழுக்க வெண்புகை; எதிர்வீட்டுத் துணி வழக்கம்போல உள்ளே போனது. கோர்க்கும்போது தடவிய ஆயிலும் சைலன்சரில் கிடந்த பழையதும் எரிந்து தீரப் பத்து நிமிடம். புது ரிங்கை நின்ற இடத்தில் ஓடவிட்டு வைக்கக் கூடாது. பாரம் ஏறினால்தான் ரிங் சுவரோடு பொருந்தித் தேயும். அன்றே புறவழிச்சாலையில் ஏறி, 60ஐத் தாண்டாமல், ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி 40 கிலோமீட்டர் ஓட்டினேன். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றியபோது வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் போல மின்னியது. புது உலோகம் ஒன்றோடொன்று பழகும்போது அப்படித்தான் என்றார் அண்ணன். 1,500இல் மாற்றியபோது மின்னவில்லை.

மொத்தச் செலவு 23,800 ரூபாய். இதில் இரும்பு ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் எல்லாம் சேர்த்தி. நான்கு மாத ஞாயிறுகளும் அம்மாவின் வேட்டிக் கோபமும் சேராது. கம்ப்ரஷன் இப்போது 12.5, 12.5, 12. நோட்டில் ஆயில் ஊற்றிய பதிவு எதுவும் புதிதாக இல்லை.

கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நான் கொஞ்சம் கோணலாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது. தினமும் காலையில் வண்டியை எடுத்ததும் அடியில் போட்டிருக்கும் அட்டையில் ஒரு சொட்டு இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதைச் சரிசெய்ய மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மாதத்துக்கு ஓர் அட்டை மாற்றுகிறேன்.